கணக்கை எங்கள் கண்ணிலும் காட்டுங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் ஏஐ நிரல் உதவியாளர்களுக்கு எவ்வளவு செலவிடலாம், யாருக்கு என்ன வரம்பு என்று முடிவு செய்யும் மேலாளர்களுக்கும் நிதித் துறையினருக்கும்,

வணக்கம்.

பதினோரு பேர் கொண்ட ஒரு நிரல் குழுவை நடத்தி வருகிறேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளோடு, அதாவது சொன்ன வேலையை அடி அடியாகத் தானே செய்துகொண்டு போகும் ஏஐ கருவிகளோடு, சேர்ந்துதான் நடக்கிறது. உங்களில் பலரை நான் நேரில் அறியேன். ஆனால் மாதக் கடைசியில் உங்கள் மேஜைக்கு வரும் பில்லை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை குழுவில் யாருக்குமே கருவி வேலை செய்யவில்லை. மாதத்தில் இன்னும் பதினோரு நாள் பாக்கி. "மாத வரம்பு முடிந்தது" என்று ஒரே ஒரு வரி மட்டும் வந்தது. எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை மாலை எங்களில் ஒருவர், தோற்றுக்கொண்டிருந்த ஒரு டெஸ்டை (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையை) சரிசெய்யச் சொல்லி ஏஜென்ட்டை ஓடவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அந்த டெஸ்ட் தோற்றதற்கான காரணம் நிரலில் இல்லை. டெஸ்ட் சர்வரின் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தது. ஏஜென்ட்டுக்கு அது எட்டவில்லை. நிரலை மாற்றியது, டெஸ்டை ஓட்டியது, தோற்றது, மறுபடி மாற்றியது. சனி, ஞாயிறு முழுக்க இதுதான். யாருக்கும் ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல்கூட வரவில்லை.

நிர்வாகம் வேகமாக முடிவெடுத்தது. அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் தலைக்கு ஒரே அளவு, அதுவும் முன்பைவிடக் குறைவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்தவை எந்த பில்லிலும் தெரியாதவை. மாத முதல் பாதியில் எல்லோரும் கருவியைத் தொடவே பயந்தார்கள். கடைசி வாரத்தில், மீந்ததை வீணாக்கக்கூடாது என்று தேவையில்லாத வேலைக்கெல்லாம் ஓட்டினார்கள். பழைய பேமென்ட் பகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருந்தவருக்கு எட்டு நாளில் அளவு தீர்ந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு முக்கால்வாசி அப்படியே கிடந்தது. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க வழியில்லை. இரண்டு பேர் சொந்தக் காசில் சொந்தக் கணக்கு திறந்து, நிறுவனத்தின் நிரலை அதில் போட்டு வேலை பார்த்தார்கள். எனக்கு அது தெரியவந்தபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. செலவு குறைந்ததாக உங்களைப் போன்ற ஒருவரின் அறிக்கையில் அந்த இரண்டு மாதமும் பதிவாகியிருக்கும். நிறுவனத்தின் நிரல் எந்த ஒப்பந்தமும் இல்லாத கணக்குகள் வழியாக வெளியே போனது அந்த அறிக்கையில் இருந்திருக்காது.

ஏஜென்ட்டை ஓடவிட்டுப் போனவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. தான் எவ்வளவு செலவு செய்கிறோம் என்று பார்க்க அவருக்கு ஒரு வழியும் கொடுக்கப்படவில்லை. நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். இந்தச் செலவை உண்மையில் தீர்மானிப்பது எண்டர் தட்டுகிற கை. ஒவ்வொரு நாளும் நூறு முறை அந்தத் தீர்மானம் எடுக்கப்படுகிறது. அந்தக் கைக்குரியவருக்குச் செலவின் எண் தெரிவதில்லை. எண் தெரிகிற உங்களுக்கோ அது எந்த வேலைக்குப் போனது என்று தெரிவதில்லை. இந்த இடைவெளியை மூடாமல் எந்த வரம்பு போட்டாலும் அது குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.

இது ஏன் மற்ற மென்பொருள் செலவு மாதிரி இல்லை என்று கொஞ்சம் விளக்குகிறேன். ஆளுக்கு ஒரு லைசென்ஸ், மாதம் இவ்வளவு என்று வாங்கிப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது.

கருவிக்குப் பின்னால் இருந்து பதில் எழுதும் ஏஐ மாடலுக்கு நினைவு கிடையாது. ஏஜென்ட் ஒவ்வோர் அடி எடுத்துவைக்கும்போதும், அதுவரை நடந்த உரையாடல், படித்த கோப்புகள், ஓட்டிய கட்டளைகளின் விடைகள் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அனுப்புகிறது. மாடல் எழுத்தைப் பிரித்து எண்ணும் சிறு துண்டை டோக்கன் என்கிறார்கள், விலையும் அதன்படிதான். உதாரணமாக, தொடக்கத்தில் 20,000 டோக்கன் இருக்கிறது, ஒவ்வோர் அடியிலும் 3,000 டோக்கன் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் 40 அடி எடுத்து ஒரு பிழையைச் சரிசெய்கிறது. உரையாடலின் கடைசி நீளம் சுமார் 1,37,000 டோக்கன்தான். ஆனால் 40 முறையும் சேர்த்து உள்ளே போனது 31 லட்சத்து 40 ஆயிரம். அடிகள் இரட்டிப்பானால் இந்தக் கூட்டுத்தொகை இரட்டிப்போடு நிற்காது, மூன்றரை மடங்கு ஆகும். அந்த வார இறுதியில் எங்கள் வரம்பைத் தின்றது இதுதான்.

பணமாகப் பார்ப்போம். ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் தன் கிளாட் சானட் 4 மாடலுக்கு 2025-இல் வைத்த விலை, பத்து லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு 3 டாலர், வெளியீட்டுக்கு 15 டாலர். அடிக்கு 500 டோக்கன் வீதம் மாடல் எழுதியது என்றால் மேலே சொன்ன வேலைக்கு 9 டாலர் 72 சென்ட் ஆகும். அப்புறம் இதற்குள் இன்னொன்று இருக்கிறது. ஏற்கெனவே அனுப்பிய பகுதியைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும் முறையை கேஷிங் என்கிறார்கள். முதல் முறை வைக்கும்போது விலை ஒன்றேகால் மடங்கு. அதன் பிறகு படிக்கும் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்குதான். இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதே வேலை 1 டாலர் 71 சென்ட்டில் முடிகிறது. ஒரே வேலை, ஒரே மாடல், ஒரே விடை. விலையில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அந்த கேஷ் அவர்களுடைய ஏபிஐ-யில் (மற்ற நிரல்கள் மாடலை அழைக்கும் வழியில்) இயல்பாக ஐந்து நிமிடம்தான் உயிரோடு இருக்கும். ஏஜென்ட் பாதியில் நிற்கும்போது என்னை ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து நான் வந்து "சரி, தொடரு" என்று தட்டினால், அந்த ஒரு வார்த்தைக்காக முழு உரையாடலும் ஒன்றேகால் மடங்கு விலையில் மறுபடி ஏறுகிறது. இதை நான் தெரிந்துகொண்டதே தற்செயலாகத்தான். ஒரு கருவியில் ஓடிக்கொண்டிருக்கும் தொகையைக் காட்டும் வரியைத் திறந்து வைத்திருந்தேன். மீட்டிங் முடிந்து வந்து தட்டியதும் எண் குதித்தது. அன்றிலிருந்து இடைவேளைக்கு முன்னால் வேலையை முடித்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இதுவரை நடந்ததைச் சுருக்கி எழுதச் சொல்லிவிட்டு, வந்தபின் புதிய உரையாடலில் அந்தச் சுருக்கத்தோடு தொடங்குகிறேன். யாரும் எனக்கு வரம்பு போடவில்லை. எண்ணைப் பார்த்தேன், பழக்கம் மாறியது.

நிலையான மாதக் கட்டணத் திட்டத்துக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்ச காலம் நானும் அப்படித்தான் நினைத்தேன். 2022 ஜூனில் கிட்ஹப் கோபைலட் என்ற நிரல் உதவியாளர் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது தனிநபருக்கு மாதம் 10 டாலர், அதோடு கணக்கு முடிந்தது. அன்று அது வரியை நிறைவு செய்கிற கருவி. ஒரு வேண்டுகோள் என்றால் ஒரு சின்னத் துண்டு. ஏஜென்ட்டுகள் வந்தபின் ஒரு வேண்டுகோளுக்கு நூறு அடி போகலாம் என்றாயிற்று. 2025 ஜூனில் கோபைலட்டிலேயே பிரீமியம் வேண்டுகோள் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது புரோ, பிசினஸ் திட்டங்களில் மாதம் 300, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட் என்று இருந்தது. அதிலும் ஒரு கேள்வி எத்தனை வேண்டுகோளாக எண்ணப்படும் என்ற பெருக்கல் எண் மாடலுக்கு மாடல் வேறாக இருந்தது. ஜிபிடி 4.5-க்கு அது 50 ஆக இருந்தது. மாதத்துக்கு 300 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, ஒருவர் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தால் ஆறே ஆறு கேள்வியாக இருந்தது. தேர்வுப் பட்டியலில் அது மற்ற பெயர்களோடு இன்னொரு பெயராகத்தான் கண்ணில் பட்டது.

அதே ஜூன் மாதம் கர்சர் என்ற இன்னொரு நிரல் கருவி தன் 20 டாலர் திட்டத்தை, மாதம் 500 வேக வேண்டுகோள் என்பதிலிருந்து டோக்கன் விலைப்படியான கணக்குக்கு மாற்றியது. பலருக்கு எதிர்பாராத பில் வந்தது. ஜூலை 4 அன்று நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, அந்த இடைக்காலக் கட்டணங்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஜூலைக் கடைசியில் ஆந்த்ரோபிக், தன் கிளாட் மாதத் திட்டங்களில், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வரம்புக்கு மேல் வார வரம்பும் ஆகஸ்ட் 28 முதல் வரும் என்றது. சிலர் கருவியை இரவு பகலாக ஓட்டியதையும், 200 டாலர் திட்டத்தில் ஒருவர் பல்லாயிரம் டாலர் மதிப்புக்குப் பயன்படுத்தியதையும் காரணமாகச் சொன்னது. இவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாடலை ஓட்டும் செலவு அவர்களுக்கும் உண்மையானது. அந்த ஆண்டு மூன்று மாதத்துக்குள் மூன்று பெரிய கருவிகளின் விதி மாறியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை பட்ஜெட் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இது இல்லை என்பதை மட்டும் பாருங்கள்.

இப்போது நான் கேட்பது.

எங்கள் திரையிலேயே எண் தெரியட்டும். நிர்வாகிக்கு மட்டும் திறக்கும் ஒரு பக்கத்தில், மறுநாள் வந்து சேரும் எண்ணாக இல்லாமல், வேலை நடக்கும் இடத்தில், நடக்கும்போதே தெரிய வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. பல கருவிகளில் இந்த வசதி உண்டு, பெரும்பாலும் யாரும் திறந்து வைப்பதில்லை. ஆந்த்ரோபிக்கின் நிரல் ஏஜென்ட்டான கிளாட் கோடில் அந்த உரையாடலின் செலவைக் கேட்டுப் பார்க்கலாம். டோக்கன், செலவு விவரங்களை ஓப்பன்டெலிமெட்ரி என்ற பொதுத் தரமுறை வழியாக நிறுவனத்தின் சொந்தக் கண்காணிப்புப் பலகைக்கு அனுப்பவும் முடியும். எந்த ரெப்போ (நிரல் களஞ்சியம்), எந்த வேலை என்ற அடையாளத்தோடு அது வந்தால், மாதக் கடைசியில் நீங்களும் நானும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். "உன் குழு இவ்வளவு செலவழித்திருக்கிறது" என்பதற்கும் "பழைய பேமென்ட் பகுதியை மாற்ற இவ்வளவு ஆனது" என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். அந்த வேலை அவ்வளவு பெறுமா என்று நீங்களும் தீர்மானிக்க முடியும்.

வரம்பைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். நிரல் வேலை சமமாக வருவதில்லை. ஒருவர் இரண்டு வாரம் ஆவணம் எழுதுவார், அதே இரண்டு வாரம் இன்னொருவர் ஐந்து லட்சம் வரிக்குள் ஒரு பிழையைத் தேடுவார். அந்த மாதம் யாருக்கு எவ்வளவு தேவை என்று குழுவுக்குள் எங்களுக்குத் தெரியும். பாதியைத் தொட்டதும் ஒரு தகவல், முக்கால் தொட்டதும் இன்னொன்று. அது குழுத் தலைவருக்கும் செலவழித்தவருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். நடு ராத்திரியில் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வர் விழுந்து, அதைச் சரிசெய்கிற நேரத்தில் வரம்பு முடிந்தால், அதை உயர்த்தித் தர அதிகாரம் உள்ள ஒருவர், நாங்கள் அழைத்தால் எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். விண்ணப்பம் போட்டு மூன்று வேலை நாள் காத்திருப்பது அந்த நேரத்துக்குப் பொருந்தாது.

ஆனால் மனிதர் பார்க்காமல் ஓடுகிறவற்றுக்குக் கண்டிப்பான பூட்டு போடுங்கள். இதில் நான் உங்களைவிடக் கடுமையாக இருக்கிறேன். இரவில் ஓடும் ஏஜென்ட், ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகப் படித்துக் கருத்து சொல்லும் சிஐ வேலை (நிரல் மாறும்போது தானாக ஓடுவது), இவற்றுக்குத் தனி ஏபிஐ சாவி, தனி பட்ஜெட், இத்தனை அடிக்கு மேல் போகாதே என்ற எல்லை, தொட்டால் அங்கேயே நிற்க வேண்டும். அடிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த கிளாட் கோடில் கட்டளையோடு ஒரு விருப்பமாகவே கொடுக்கலாம். நாங்கள் இப்போது 30 என்று வைத்திருக்கிறோம். முப்பது அடியில் முடியாததை மனிதர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் அனுபவம். அந்த வெள்ளிக்கிழமை அந்த ஒரு எண் மட்டும் இருந்திருந்தால் திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் நடந்திருக்காது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதைத்தான் பார்க்கிறேன். யோசித்து வேலை செய்கிற மனிதருக்குப் பூட்டு, யோசிக்காமல் ஓடுகிற வேலைக்குத் திறந்த கதவு.

அடுத்தது, தயவு செய்து பயன்பாட்டை வைத்து ஆட்களை வரிசைப்படுத்தாதீர்கள். அதிகம் செலவழிப்பவரை ஊதாரி என்று காட்டும் பட்டியலும் வேண்டாம், அதிகம் பயன்படுத்துபவரைப் பாராட்டும் பட்டியலும் வேண்டாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது இன்னும் மோசம். பாராட்டுக்காக எண்ணை ஏற்றுவது மிக எளிது. டோக்கன் எண்ணிக்கை வேலையின் அளவைச் சொல்லாது. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஓப்பன் சோர்ஸில் அனுபவம் மிக்க 16 பேர், தங்களுக்கு நன்கு பழகிய ரெப்போக்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ கருவி அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆனால் முடித்தபின்னும் தாங்கள் 20 சதவீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என் குழுவில் இந்தக் கருவி இல்லாமல் முடிந்திருக்காத வேலைகள் உண்டு. ஆனால் அனுபவசாலிகளின் மனக்கணக்கே இவ்வளவு தவறும்போது, பயன்பாட்டு எண்ணை மட்டும் வைத்து யாரையும் எடைபோட முடியாது. முடிந்த வேலையின் பக்கத்தில் செலவை வைத்துப் பாருங்கள், அது போதும்.

விலை கூடிய மாடலை எல்லோருக்கும் அடைத்துவிடுவது இன்னொரு தவறு. ஒரு பெரிய மாற்றத்துக்கான திட்டத்தை வலுவான மாடல் எழுதட்டும், அந்தத் திட்டத்தைப் பிடித்துக்கொண்டு மலிவான மாடல் நிரலை எழுதட்டும். என் குழுவில் நன்றாக நடக்கும் முறை இது. திட்டம் தவறினால் மலிவான மாடல் 60 அடி சுற்றிச் சுற்றி வரும், அதன் செலவு வலுவான மாடலின் ஒரு பதிலைத் தாண்டிவிடும். எதை எப்போது எடுப்பது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கற்றுக்கொள்வது என்று சொன்னேன். எங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் நிறைய இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எண் கண்ணில் படத் தொடங்கியபின் எங்கள் குழு தானாக மாற்றிக்கொண்டவை இவை. ஒரு வேலை முடிந்தால் உரையாடலை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறோம். முன்பு ஒரே உரையாடலில் நாள் முழுக்க ஓட்டுவோம், மாலையில் கேட்கும் ஒரு சின்னக் கேள்வி காலையின் மொத்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு போகும். டெஸ்ட் ஓட்டினால் தோற்றவற்றின் விவரம் மட்டும் ஏஜென்ட்டுக்குப் போகும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். அதற்கு முன் வென்ற டெஸ்டுகளின் ஆயிரக்கணக்கான வரிகளும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தன. ஒவ்வோர் உரையாடலிலும் தானாகச் சேரும் வழிகாட்டுக் கோப்பு 900 வரிக்கு வளர்ந்திருந்தது, 120 ஆகக் குறைத்தோம். பயன்படுத்தாத எம்சிபி இணைப்புகளை (வெளிக் கருவிகளை ஏஜென்ட்டோடு சேர்ப்பவை) கழற்றினோம், அவற்றின் விளக்கங்களும் பேசாமலே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்று முறை ஒரே இடத்தில் தோற்றால் நிறுத்திவிட்டு நாமே காரணத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். இதில் எதுவும் மேலிருந்து வந்த உத்தரவு இல்லை.

குழுவில் ஒருவர், தமிழில் கேட்டால் செலவு கூடுமா என்று கேட்டார். நல்ல கேள்வி அது. 2024 மே மாதம் ஜிபிடி 4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே செய்திக்குத் தமிழில், எழுத்தை டோக்கனாகப் பிரிக்கும் பழைய முறைப்படி 116 டோக்கன், புதிய முறைப்படி 35. ஆங்கிலத்தில் அது 27-இலிருந்து 24 ஆனது. ஆக, மொழிக்கு மொழி விலை மாறுகிறது, அந்த வித்தியாசமும் மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஆனால் நாம் தட்டும் கேள்வி மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. பெரும்பகுதி கோப்புகளும் கட்டளைகளின் விடைகளும்தான். எனவே தமிழில் யோசிப்பவர் தமிழிலேயே கேட்கட்டும் என்று சொன்னேன். தெளிவாகக் கேட்ட ஒரு கேள்வி பத்து அடியை மிச்சப்படுத்தும்.

இளையவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குத்தான் முதலில் வரம்பைக் குறைக்கிறார்கள். இன்னும் பெரிய வேலை இல்லையே என்பது காரணம். ஆனால் அவர்தான் புரியாத நிரலை விளக்கச் சொல்லிக் கேட்டுக் கற்றுக்கொள்கிறார், அவருக்குத்தான் கேள்விகள் அதிகம். கருவி பாதியில் நின்றால் கேட்கத் தயங்கி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும் அவரே. அன்றைய செலவு வரம்புக் கணக்கில் பூஜ்யம் என்று வரும்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மாதத்துக்கு மாதம் ஆடுகிற ஓர் எண்ணுக்கு மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அந்த எண்ணை நிலையாக்க எங்களால் உதவ முடியும், எங்களிடம் அது இருந்தால். அடுத்த காலாண்டு வரம்பைப் பேசும் கூட்டத்தில், ஒவ்வொரு நிறுவனத்திலும், இந்தக் கருவியைத் தினமும் ஓட்டுகிற ஒருவரையாவது உட்கார வையுங்கள். அதற்கு முன் நான்கு வாரம், எந்த வரம்பையும் மாற்றாமல், எண்ணை மட்டும் எல்லோர் திரையிலும் காட்டிப் பாருங்கள். அந்த நான்கு வாரக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரம்பைப் பேசுவோம். என் குழுவின் கணக்கை முதலில் மேஜையில் வைக்க நான் தயார்.

அன்புடன்,
ஒரு நிரல் குழுவை நடத்துபவன்